கடல் கடந்த பொருளும் சாவடியில் நின்ற நாளும்

அண்மையில் பெங்களூரில் வாழும் நம் நண்பர் ஒருவருடைய இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக இந்நகரில் குடியிருப்பவர் அவர். தம் தாயாரின் செவிக்கருவிக்கு வேண்டிய சிறு உறுப்பு ஒன்று இங்குக் கிடைக்காமையால், அயல்நாட்டுக் கடை ஒன்றுக்குப் பணம் கட்டித் தபாலில் தருவித்திருந்தார். தீப்பெட்டி அளவே இருந்த அப்பொட்டலத்தின் மேலுறையை நம்மிடம் காட்டினார். அதில் பதிந்திருந்த முத்திரைகளைக் கொண்டு நாட்களை எண்ணிப் பார்த்தோம். அனுப்பிய ஊரிலிருந்து இந்திய மண்ணை அடைய ஐந்து நாள். இந்திய மண்ணில் இறங்கிய பின் வீடு வந்து சேர இருபத்து மூன்று நாள். அத்தனை நாளும் அம்மூதாட்டியார் பேரப் பிள்ளைகளின் வாயசைவைப் பார்த்தே அவர்கள் பேச்சை ஊகித்துக்கொண்டிருந்தார். தீர்வை எவ்வளவு என்பதும் தபால்காரர் வாயிலில் வந்து நின்று சொன்ன பிறகே தெரிந்தது. "கடலைக் கடக்க ஐந்து நாள், சாவடியைக் கடக்க இருபத்து மூன்று நாளா?" என்று நண்பர் கேட்டார். அக்கேள்விக்கு வரலாற்றில் விடை உண்டா என்று தேடப் புகுந்தோம். கண்டவற்றை இங்கே அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

சாவடியின் நினைவு நகரத்தின் பெயர்களிலேயே இருக்கிறது. பெங்களூரின் மேற்கே, மாகடிச் சாலையில், சுங்கதகட்டே என்றொரு பகுதி உண்டு. கன்னடத்தில் சுங்க என்பது நம் சுங்கமே. கட்டே என்பது மேடை. கோயம்புத்தூரிலும் சுங்கம் என்ற பெயரில் ஒரு நாற்சந்தி இருப்பதை அந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள். சுங்கக்காரனிடம் சுகதுக்கம் சொல்லிக்கொண்டது போல, என்று கன்னட மக்களிடையே ஒரு பழமொழியும் வழங்குகிறது. கேட்பவன் காதில் ஏறாது என்பது அதன் கருத்து. இதைச் சொன்னபோது நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய தாயார், என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

சுங்கம் நமக்குப் புதியதன்று. திருக்குறள் அதை உல்கு என்று சொல்லி, வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறக்குமதிப் பண்டங்களும் ஏற்றுமதிப் பண்டங்களும் மலை போலக் குவிந்து கிடந்ததையும், அவற்றின்மேல் சோழனுடைய புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதையும் பட்டினப்பாலை வருணிக்கிறது. அங்குச் சுங்கம் கொண்டவர்களைக் கதிரவன் தேரிற் பூட்டிய குதிரைகளுக்கு அப்புலவர் ஒப்பிடுகிறார். நாள்தோறும் சோம்பலின்றி உழைத்தார்களாம். நண்பரின் மேலுறையைப் பார்த்த பிறகு அவ்வுவமையைப் படித்தோம். சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

1070-ஆம் ஆண்டில் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வழங்கியதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கடாரம் கொண்டான் என்பது போன்ற வெற்றிப் பெயர்களுக்கு நடுவே, ஒரு வரியை நீக்கியதற்காக ஓர் அரசன் பெயர் பெற்றான் என்றால், அவ்வரி மக்களை எத்துணை வருத்தியிருக்க வேண்டும்!

வரியை நீக்க இயலாதபோது அதன் அளவை முன்கூட்டியே அறிவிப்பது அடுத்த நன்மை. காகதிய அரசன் கணபதி தேவன் ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளித் துறையில் 1244-45-இல் ஒரு கல்வெட்டு நாட்டினான். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கும் மரக்கலங்களின் சரக்கை முன்னாள் அரசர்கள் கவர்ந்துகொண்டார்கள். நாம் அவ்வாறு செய்ய மாட்டோம், குறித்த சுங்கம் மட்டுமே கொள்வோம் என்று அதில் வாக்களித்தான். முப்பதில் ஒரு பங்கு என்ற விகிதத்தையும் வெட்டி வைத்தான். ஆகவே கடலில் வரும் வணிகன் துறையை அடையுமுன்பே தன் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு அயல்நாட்டு வணிகனுக்குக் கிடைத்த அந்த வசதி நம் நண்பருக்குக் கிடைக்கவில்லை.

கடற்றுறைச் சுங்கத்தைவிடக் கொடியது உள்நாட்டுச் சுங்கம். பெங்களூருக்குக் கடல் இல்லை. சென்னைத் துறைமுகம் கிழக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். மங்களூர் மேற்கே ஏறத்தாழ அதே தொலைவு. ஆகவே கடல் கடந்து வந்த பொருள் இந்நகரை அடைய வழியில் எத்தனை எல்லைகள் இருந்தனவோ அத்தனை இடத்திலும் நின்றாக வேண்டும். 1800-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், பெங்களூர்ப் பேட்டை வணிகர்களிடம் விசாரித்து எழுதிய குறிப்புகள் இன்றும் படிக்கத் தக்கவை. ஹைதர் காலத்தில் செழித்திருந்த வணிகம், கும்பினியாரின் நாட்டோடும் நிஜாம் நாட்டோடும் கொள்வினை கொடுப்பினை கூடாது என்று திப்பு தடுத்ததால் நலிந்தது என்று அவ்வணிகர்கள் முறையிட்டார்கள். போர்க்காலத்து அரசனுக்கு அவனுக்குரிய காரணங்கள் இருந்திருக்கும். ஆயினும் சாவடி அடைபட்டால் கடைத்தெரு உறங்கும் என்பதற்கு இது சான்று.

திப்புவின் வீழ்ச்சிக்குப் பின்னும் சாவடிகள் மறையவில்லை. சாயர் என்ற பெயரில், வழிநெடுக, வண்டிக்கும் பொதிமாட்டுக்கும் வரி வாங்கினர். பல இடங்களில் இவ்வுரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைக்காரன் கண்ணில் பட்டதற்கெல்லாம் வரி என்ற நிலை. சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கம் 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. மைசூரில் 1834 முதல் 1861 வரை ஆணையராக இருந்த மார்க் கப்பன் நூற்றுக்கணக்கான சில்லறை வரிகளை நீக்கினார். பெங்களூரின் கப்பன் பூங்காவில் மாலை நேரத்தில் உலவும் நம்மவர்களுள் எத்தனை பேர் இதை நினைப்பார்கள் என்று தெரியவில்லை.

இனித் தபாலின் கதைக்கு வருவோம். மைசூர் நாட்டில் சிக்கதேவராஜ உடையார் 1672-இல் தொடங்கிய அஞ்சே என்னும் ஓட்டக்காரர் தபால் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நடந்தது. திருவிதாங்கூரில் அதுவே அஞ்சல். நாம் இன்று தபாலுக்கு வழங்கும் தமிழ்ச் சொல்லும் அதே குடும்பத்தது. இங்கே அஞ்சே ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் கடிதம் ஐந்தாறு மாதம் கடலில் கிடந்தது. பிறகு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு ரயில் வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1874-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவான உலகத் தபால் சங்கத்தில் இந்தியா 1876-இல் சேர்ந்தது. 1889-இல் மைசூர் அஞ்சே இந்தியத் தபாலோடு இணைந்தது. லண்டனில் போட்ட கடிதம் ரயிலில் இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலில் சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய் வந்து, மீண்டும் ரயிலேறி, ஏறத்தாழ மூன்று வாரத்தில் பெங்களூரை எட்டியது.

இவ்வசதியை நன்கு பயன்படுத்திக்கொண்டவர் ஓர் இளம் படைத்தலைவர். 1896-இல் குதிரைப் படையோடு பெங்களூர்த் தண்டுக்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சில், பகல் வெயிலில் வேறு வேலை இன்றிப் படிக்கத் தலைப்பட்டார். கிப்பனின் எட்டுத் தொகுதிகளையும் மெக்காலேயின் பன்னிரண்டு தொகுதிகளையும் லண்டனிலிருந்து அவருடைய தாயார் அனுப்பிவைத்தார். கடல் கடந்து வந்த அந்நூல்களே தமக்குக் கல்லூரி ஆயின என்னும்படி அவர் பிற்காலத்தில் எழுதினார். (அவர் விட்டுச் சென்ற பதின்மூன்று ரூபாய் பாக்கியைப் பெங்களூர்க் கழகத்தின் பழைய கணக்கேட்டில் இன்றும் காட்டுகிறார்கள்.)

அதே நகரில், தண்டுக்கு அப்பால், பேட்டையில் வாழ்ந்தவருடைய நிலை வேறு. தண்டு 1881 முதல் 1947 வரை ஆங்கிலேயர் நேர் ஆட்சியில் இருந்தது; பேட்டை மைசூர் மகாராஜாவுக்கு உட்பட்டது. பொருள் எந்தப் பக்கம் போனாலும் தீர்வை துறைமுகத்திலேயே வாங்கப்பட்டு, ஆங்கில இந்திய அரசின் கருவூலத்தையே சேர்ந்தது. பேட்டை வாசி வாங்கிய தையல் இயந்திரத்தின் விலைக்குள் அத்தீர்வை அடங்கியிருந்தது. அவனுடைய மைசூர் அரசுக்கு அதில் ஒரு காசும் இல்லை. திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் சொந்தத் துறைகள் இருந்தமையால், 1865-இல் அவை ஆங்கில அரசோடு சுங்க உடன்பாடு செய்துகொள்ள முடிந்தது. கடலில்லாத மைசூருக்குப் பேரம் பேசக் கையில் ஒன்றும் இல்லை. தீர்வை குறைவாயிருந்த வரை இது பெரிதாகத் தோன்றவில்லை. 1894-இல் பொதுவாக நூற்றுக்கு ஐந்தாயிருந்த விகிதம், 1921-இல் பதினொன்றாகவும், 1922-இல் பதினைந்தாகவும், 1931-இல் கூடுதல் வரிகளோடு இருபத்தைந்தாகவும் ஏறியபோது சமஸ்தானங்கள் முறையிட்டன. 1927-இல் அமைந்த பட்லர் குழு, அம்முறையீட்டில் நியாயம் உண்டென்று 1929-இல் ஏற்றது. கூட்டாட்சி அமையும்போது தீர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே 1947 வந்துவிட்டது.

விடுதலைக்குப் பின் நிதி நம்முடையதாயிற்று; சாவடி உயர்ந்தது. 1957-இல் அந்நியச் செலாவணி அருகிப்போன பிறகு, தீர்வைக்கு முன்னே உரிமம் என்ற மற்றொரு கதவு இறுக மூடிக்கொண்டது. அந்த ஆண்டுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கைக்கடிகாரத்துக்கோ வானொலிப் பெட்டிக்கோ வீட்டில் எத்தகைய மதிப்பு இருந்தது என்பதை மூத்த அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1983-இல் பெங்களூருக்கு வந்த இன்போசிஸ் நிறுவனத்தின் நாராயண மூர்த்தி, ஒரு கணினியை இறக்குமதி செய்யத் தாம் டில்லிக்குப் பலமுறை நடந்த கதையைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1985-இல் இந்நகரில் நிலையம் தொடங்கிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனமோ, தன் பொறியாளர்களின் வேலையைச் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டது. எடையில்லாத சரக்குக்குத் துறைமுகம் வேண்டியதில்லை. கடலில்லாத இந்நகரம் அவ்வழியில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். 1991-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் சுங்கத்தின் உச்ச விகிதத்தை நூற்றுக்கு நூற்றைம்பதாகக் குறைத்தது. குறைத்த பின்னும் அவ்வளவு எனின், முன்பு இருந்ததை அன்பர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நிலத்துச் சாவடிகள் வேறு கதியை அடைந்தன. கர்நாடகம் நகர் நுழைவு வரியான ஆக்ட்ராயை 1979-இல் நீக்கிற்று. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தவுடன் மாநில எல்லைகளில் இருந்த விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஒசூரைக் கடந்து அத்திப்பள்ளியில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காட்சியைத் தமிழ்நாட்டுக்கும் பெங்களூருக்கும் இடையே பேருந்தில் சென்றவர்கள் கண்டிருப்பார்கள். ஆனால் கடல் கடந்து வரும் பொருளின்மேல் அதே சரக்கு சேவை வரி சுங்கத்தோடு சேர்ந்து ஏறிற்று.

இன்று நம் வீட்டுக்கு வரும் அயல்நாட்டுப் பார்சல் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுவோம். முதலில் அது அயல்நாட்டுத் தபால் நிலையத்தை அடைகிறது. அங்கே சுங்க அதிகாரிகள் உண்டு. அனுப்பியவர் ஒட்டிய அறிக்கைச் சீட்டே அவர்களுக்கு முதல் சான்று. "பலவகைப் பொருள்" என்று எழுதினால் பிரித்துப் பார்ப்பார்கள்; விலையைக் குறிக்காவிட்டால் கடிதம் எழுதிக் கேட்பார்கள்; நாள் போகும். தீர்வை கணக்கிடும்போது பொருளின் விலையோடு அனுப்பும் கூலியும் சேரும். அன்பளிப்புக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் நின்றது; உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு வைத்தார்கள். அதே 2019-இல் அயல்நாட்டில் அச்சான நூல்கள்மீது நூற்றுக்கு ஐந்து என்று சுங்கம் விதிக்கப்பட்டது. பினாங்கிலோ கொழும்பிலோ அச்சான தமிழ் நூலுக்கும் இது பொருந்தும் என்பது நமக்கு வருத்தமே.

சாவடி மறுகரையிலும் உண்டு. எண்ணூறு டாலர் வரையுள்ள பார்சல்களுக்கு அளித்து வந்த சுங்க விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்டு இறுதியில் நீக்கியது. யார் தீர்வையை வாங்குவது, எவ்வாறு செலுத்துவது என்பது தெளிவாகாமையால், இந்தியத் தபால் துறை அந்நாட்டுக்குப் பொருள்களை ஏற்பதை நிறுத்திவைத்தது. அமெரிக்காவிலுள்ள மகளுக்குத் தீபாவளிக்குப் பட்சணமும் புடவையும் அனுப்பக் காத்திருந்த பெங்களூர்த் தாய்மார்கள் பலர் கையைப் பிசைந்தார்கள். அக்டோபர் 15-ஆம் நாள், தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னதாக, தபால் மீண்டும் திறந்தது. அம்முறை தீர்வையை அனுப்புகிறவரிடமே, இங்கேயே, முன்னதாகக் கணக்கிட்டு வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள்.

நம் நண்பரிடம் இதைச் சொன்னோம். முன்னதாகக் கணக்கிட்டுச் சொல்வார்கள் என்றால் கூடுதலாகக் கொடுக்கவும் தயார் என்றார். அவருடைய தாயார் இப்போது செவிக்கருவியை அணிந்திருந்தார். "மறுபடியும் அந்தத் துண்டு பழுதானால்?" என்று கேட்டார். இம்முறை இரண்டாகத் தருவித்துவிடலாம் என்று நண்பர் சொல்லி, மேலுறையை மடித்து அலமாரியில் வைத்தார்.