முற்றத்துக்கு விலை என்ன?

சென்னை–அரக்கோணம் பாதையில் மணவூருக்கு அடுத்த ரயில் நிலையம் திருவாலங்காடு. 1905இல் அங்கே முதலாம் இராசேந்திர சோழனின் 31 செப்பேடுகள் கிடைத்தன. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு எழுதிக்கொடுத்த ஆவணம் அது. அரசனின் ஆறாம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய 1018. சோழர் வம்சாவளியும் போர்களும்தான் அதில் பெரும்பாலோர் தேடிப் படிப்பவை. கொடை விவரம் வரும் பகுதியிலோ வேறு வகையான சமாசாரங்கள் கிடக்கின்றன. அந்த ஊரில் கிணறு வெட்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எழுப்பலாம்.

சுட்ட செங்கல்லில் வீடு கட்டுவதைச் செப்பேட்டில் வெட்டி அனுமதித்திருக்கிறார்கள் என்றால் அது யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய காரியமாக இருந்திருக்காது. மற்றவர்களுக்கு மண்சுவர், ஓலைக்கூரை. செங்கல் வீடு ஓர் அந்தஸ்து.

ஆயிரம் ஆண்டு கழித்து அதே மண்ணில் கதை தலைகீழாகியிருக்கிறது. செங்கல் வீடு பெரும்பாலோரிடம் இருக்கிறது. கான்கிரீட் தளம் அலுத்துவிட்டது. சென்னையிலிருந்து அரக்கோணம் மார்க்கத்தில் மனை வாங்கி வீடு கட்டுபவர்கள் இப்போது ‘செட்டிநாடு ஸ்டைல்’ கேட்கிறார்கள். வாசலில் இரண்டு தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடி கல், நடுவில் வானம் தெரியும் முற்றம், முன்னால் திண்ணை. பணமும் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிறது. ஆனாலும் கேட்கிறார்கள்.

இதில் சுவாரசியமான விஷயம், பழமை என்று இன்று விலை வைக்கப்படும் அநேகப் பொருள்கள் தத்தம் காலத்தில் புது மோஸ்தராக வந்து இறங்கியவை. கூரை ஓடுகளையே எடுத்துக்கொள்வோம். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தப் பக்கமாகத்தான் ஓடியது. அப்போது இந்த வட்டாரத்தில் கொஞ்சம் வசதியானவர் வீட்டுக் கூரையில் இருந்தது குயவர் செய்த நாட்டு ஓடு. மழைக்காலத்துக்கு முன்னால் ஆள் ஏற்றி ஓடு மாற்றியாக வேண்டும். திருத்தணி மாதிரி மலைக்கோயில் ஊர்களில் குரங்கு வேறு ஓடிக் கலைத்துவிடும். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் தட்டை ஓடு, எளிதில் நகராது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மதபோதகர்களின் தொழிற்சாலைச் சரக்கு அது. அதற்குச் சீமை ஓடு என்று பெயர் வைத்தார்கள். இன்று அந்த ஓட்டைக் கண்டால் ‘நம்ம தாத்தா காலத்து வீடு’ என்று உருகுகிறோம்!

முற்றம் மட்டும் உண்மையிலேயே பழையது. அது தமிழருக்கு மட்டுமே சொந்தமும் அல்ல. கேரளத்தில் நாலுகெட்டு, கர்நாடகத்தில் தொட்டி மனை, ஆந்திரத்தில் மண்டுவா லோகிலி எல்லாம் நடுவில் திறந்தவெளி வைத்தவை. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணிப் பக்கத்தில் எது தமிழ் வீடு, எது தெலுங்கு வீடு என்று பிரித்துச் சொல்லப் புறப்படுவது வீண் வேலை. தெருவிலிருந்து திண்ணை, அதைத் தாண்டி ரேழி, பிறகு கூடம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கடைசியில் கொல்லை. வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும்படி கதவுகள் நேர்கோட்டில் இருக்கும். காற்றும் அதே வழியில் போகும்.

திண்ணையைப் பற்றிப் பேசும்போது வழிப்போக்கர் படுத்து உறங்கியதை எல்லோரும் சொல்வார்கள். எந்த வழிப்போக்கர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும், யார் அந்தத் தெருவுக்கே வரக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. ரேழிவரை வந்தவர் எல்லோரும் கூடத்துக்குள் வந்துவிடவில்லை. வீட்டின் அமைப்பிலேயே இந்த வடிகட்டல் இருந்தது. விளம்பரத்தில் அது வராது, வரவும் வேண்டாம். வரலாற்றில் விட்டுவிட முடியாது.

விலை உச்சத்தில் இருப்பது செட்டிநாட்டுப் பாணிக்குத்தான். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று பரவிய நகரத்தார் ஊர்களில் பெரிய வீடுகள் எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரையில். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது, அரிசிக்காகக் காடு திருத்திய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் இந்த நகரத்தார் செட்டியார்கள். அந்த லாபத்தில் தேக்கு பர்மாவிலிருந்தும், சலவைக்கல் இத்தாலியிலிருந்தும், கண்ணாடி பெல்ஜியத்திலிருந்தும், பூப்போட்ட சுவர் ஓடு ஜப்பானிலிருந்தும் வந்து இறங்கின. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. வளவைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. ஒரே கூரைக்குக் கீழே தனித்தனிச் சமையல். குடும்பச் சட்டமே கட்டடமாக நின்றது என்று சொல்லலாம்.

ஆத்தங்குடி கல் இதில் கடைசியாக வந்து சேர்ந்தது. சிமெண்ட் வந்த பிறகு வந்த பொருள். செய்முறையைப் பார்த்தால் அதன் பளபளப்புக்குக் காரணம் புரியும். சதுரமான கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். அதற்குள் பூ வடிவில் தடுப்புகள் வைத்த அச்சு. ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் கலக்காமல் நிற்கும். மேலே ஈரத்தை உறிஞ்சுவதற்கு உலர்ந்த மணல்–சிமெண்ட் கலவையைத் தூவி, அதன்மேல் சாந்து வைத்து மட்டம் செய்கிறார்கள். சூளை கிடையாது. காய்ந்தபின் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். கண்ணாடியில் படிந்திருந்த முகம்தான் தரையில் மேலே தெரியும் முகம். போட்டபின் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, நடந்து நடந்து மெருகேற்ற வேண்டும். பூட்டிக் கிடக்கும் விடுமுறை வீட்டுக்கு இந்தத் தரை அவ்வளவு பொருத்தமில்லை.

பர்மாப் பணம் வந்த வேகத்திலேயே நின்றது. உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை விழுந்ததும் விவசாயிகள் கடன் கட்ட முடியாமல் போனார்கள். நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் விளைநிலப் பங்கு 1937இல் 25 விழுக்காட்டைத் தொட்டது. பணம் நிலமாக மாறிச் சிக்கிக்கொண்டது. பர்மியரின் கோபமும் சேர்ந்தது. 1942இல் ஜப்பான் படை வந்ததும் செட்டியார்கள் வெளியேறினார்கள். 1948இல் சுதந்திரப் பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் போட்டது. வீடுகள் இங்கே நின்றன, அவற்றைப் பராமரிக்கும் வருமானம் அங்கே தொலைந்தது.

பிறகு நடந்தது இடிப்பு. தூண் தனியாக, நிலைக்கதவு தனியாக, உத்தரக் கட்டை தனியாகக் கழன்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் அப்படித்தான் நிரம்பின. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா, இடிபடவிருந்த செட்டிநாட்டு வீட்டின் பாகங்களை வாங்கி வந்து மறுபடி கட்டிக் காட்டியது. சில வீடுகள் ஓட்டல்களாகின. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பழைய வீடு என்றால் இடிக்கத்தான் என்ற எண்ணம் மாறுவதற்கு இவையெல்லாம் உதவின.

ஆனால் கழற்றி எடுக்க முடிந்ததைத்தான் சந்தை விற்கும். அந்த வீடுகள் குளுமையாக இருந்ததற்குத் தூண் காரணமில்லை. கனத்த சுவர், சுண்ணாம்புச் சாந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு, சூடான காற்றை மேலே தள்ளும் முற்றம் ஆகியவை காரணம். சென்னைப் பக்கத்து மெட்ராஸ் டெரஸும் அப்படித்தான். நெருக்கமாக வைத்த தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய அச்சுக்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியைக் கொட்டி, பெண்கள் மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கோடையில் தமிழகத்தின் வெப்பப் பட்டியலில் அடிக்கடி முன்னால் நிற்கும் திருத்தணிக்கு இந்தத் தளம்தான் தேவை. கட்டுபவர்களோ ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தைப் போட்டு, கீழே செட்டிநாட்டுத் தூணை நிறுத்தி, உள்ளே ஏசியை மாட்டுகிறார்கள்.

இருபதுக்கு நாற்பது அடி மனையில் முற்றத்துக்கு இடம் தேடுவதும் லேசில்லை. பக்கத்தில் காலியிடம் விட்டாக வேண்டும், கார் நிற்க வேண்டும், மாடிப்படி வேண்டும். மிஞ்சுவது நான்கடி சதுரம். அதன் மேலும் மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். வெளிச்சம் வரும், வெக்கை வெளியே போகாது.

அசல் பழைய வீட்டையே வாங்கிவிடலாமே என்று சிலர் போய்ப் பார்ப்பதுண்டு. மரத்தில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. மூன்று தலைமுறை பாகம் பிரிக்காமல் விட்ட வீட்டுக்குப் பங்காளிகள் சென்னையில், மலேசியாவில், அமெரிக்காவில் இருப்பார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம். அதற்குள் மழையில் ஒரு பக்கத் தாழ்வாரம் இறங்கிவிடும். அதனால் பல இடங்களில் வீடு விலைபோகும் முன்பே தூண் விலைபோய்விடுகிறது. தூணுக்கு வில்லங்கச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை.