நஞ்சறுப்பான்

பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலையடிவாரங்களிலும், தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில், புதர்களைப் பற்றிப் படரும் கொடி ஒன்று உண்டு. மலையாளத்தார் அதனை வள்ளிப்பாலை என்பர். நம் முன்னோர் நஞ்சறுப்பான் என்றனர். நஞ்சுண்டவரை வாந்தியெடுக்கச் செய்ய நாட்டு மருத்துவர் அதனைக் கையாண்டனர்.

1780-இல் மூண்ட மைசூர்ப் போரில் ஐதர் அலியிடம் சிறைப்பட்டிருந்த ஐரோப்பியர்க்கு இதன் வேர் பெரிதும் பயன்பட்டது எனத் தாவரவியலறிஞர் ராக்ஸ்பரோ குறித்துள்ளார். மிகுதியாகக் கொடுத்தால் வாந்தி. சிறிது சிறிதாகக் கொடுத்தால் பேதி. பிரேசில் நாட்டு இபிகாக் வேருக்கு மாற்றாக 1868-ஆம் ஆண்டின் இந்திய மருந்து நூலும் இக்கொடியின் இலையை ஏற்றது.

ஆயினும் வாந்தி எல்லா நஞ்சையும் அறுப்பதில்லை. மண்ணெண்ணெய் குடித்தவர் வாந்தியெடுத்தால் அது நுரையீரலுட் புகக்கூடும். அமிலமாயின் உணவுக்குழல் மீண்டும் வெந்து புண்ணாகும். இபிகாக்கில் உள்ள எமெட்டின் மிகுந்தால் இதயத் தசையையே கெடுக்கும். இனி அதனை வீட்டு மருந்தாகப் பயன்படுத்த வேண்டாவென 2003-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவித்தது.

கடல் கடந்து வாழும் நாம் முன்னோர் தம் மூலிகை அறிவைப் போற்றுவோம். எனினும் குழந்தை நஞ்சருந்த நேரின், வாந்தியெடுக்க வைத்துக் காலம் போக்காது மருத்துவமனைக்கே விரைவோம்.