நீ யாருன்னு கேட்காத கதவு

பொட்டி தட்டுற மக்களுக்கு எஸ்.எஸ்.ஹெச். பத்தி புதுசா அறிமுகம் தேவையில்லை. சேரங்கோட்டுல வெளியே மழை கொட்டிக்கிட்டிருக்கும்போது, எங்கேயோ ஐரோப்பாவுல இருக்கிற சர்வர்ல ஆணி புடுங்க முடியுதுன்னா அது அந்தப் புண்ணியவானால்தான். ஆனா இதோட வரலாற்றைப் படிச்சா ஒரு வேடிக்கை தெரியுது. அரசாங்கங்கள் எல்லாம் பூட்டோட கனத்தைப் பத்தி சண்டை போட்டுக்கிட்டே இருந்தாங்க. கதவு திறந்ததோ வேற பக்கம்.

முதல்ல பழைய கதை. 1995-ல பின்லாந்துல ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோட நெட்வொர்க்கில் யாரோ ஒளிஞ்சு உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை அள்ளிட்டாங்க. அப்ப எல்லாரும் டெல்நெட்தான். பாஸ்வேர்டு அப்படியே பச்சையா கம்பியில போகும். அங்கே ஆராய்ச்சியாளரா இருந்த டாட்டு இலோனென் கடுப்பாகி எழுதினதுதான் எஸ்.எஸ்.ஹெச். டெல்நெட்டுக்கு போர்ட் 23, எஃப்.டி.பி.க்கு 21. நடுவுல 22 காலியா இருந்தது. கேட்டு மெயில் போட்டார், மறுநாளே கொடுத்துட்டாங்க. (இன்னைக்கு ஒரு போர்ட் திறக்க நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போட்டு எத்தனை நாள் காத்திருக்கோம்னு நினைச்சா அழுகை வருது.)

1995 ஜூலையில இலவசமா வெளியிட்டார். அடுத்த மாசம், ஆகஸ்ட் 15 அன்னிக்கு, வி.எஸ்.என்.எல். இந்தியாவுல பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்து விட்டது. ஆக, நமக்கு ரோடு வந்ததும் பூட்டு வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம்.

ஆனா பூட்டு எவ்வளவு பெருசா இருக்கலாம்னு அரசு ஒரு அளவு வெச்சது. 1998-ல தனியார் இணைய சேவை நிறுவனங்களுக்குக் கொடுத்த லைசென்ஸ்ல, 40 பிட் சாவி வரைக்கும் அனுமதி இல்லாமலே பயன்படுத்தலாம், அதுக்கு மேல போனா அனுமதி வாங்கி, சாவியை ரெண்டா பிரிச்சு ஒப்படைக்கணும்னு ஒரு ஷரத்து. 40 பிட்டுன்னா மொத்தம் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். கேட்கப் பெருசாத்தான் இருக்கு. ஆனா 1997 ஜனவரியிலேயே இயன் கோல்ட்பர்க் என்ற பெர்க்லி மாணவர், பல்கலைக்கழகக் கணினிகளைச் சேர்த்து வெச்சு 40 பிட் சாவியை மூன்றரை மணி நேரத்துல உடைச்சுக் காட்டியிருந்தார். அதாவது உடைஞ்சுபோன பூட்டுக்குத்தான் மறுவருஷம் நம்ம ஊர்ல அனுமதி! எஸ்.எஸ்.ஹெச். அப்பவே 128 பிட். 2001-ல ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்கு குறைஞ்சது 128 பிட் வேணும்னு சொன்னது. ஒரு கை 40, இன்னொரு கை 128. 2015 செப்டம்பர்ல, மறையாக்கம் செஞ்ச செய்திகளோட மூலத்தை 90 நாள் வெச்சிருக்கணும்னு ஒரு வரைவுக் கொள்கை வந்து, எதிர்ப்புல சில நாட்களிலேயே வாபஸ் ஆனது.

இதுக்கு நடுவுல எஸ்.எஸ்.ஹெச்.சை நிரலுக்குள்ள இருந்தே கூப்பிடுற லைப்ரரிகள் வந்துடுச்சு. சி-யில லிப்எஸ்எஸ்ஹெச், பைத்தான்ல 2003-ல ராபி பாயின்டர் ஆரம்பிச்ச பாராமிக்கோ. (பேர் ஜப்பான்காரர் மாதிரி இருக்கேன்னு பார்த்தா, எஸ்பெரான்டோ மொழியில 'சந்தேகப்பிராணி', 'நண்பன்' ரெண்டையும் ஒட்டினதாம். சூப்பர் பேருங்க.)

2018-ல என்ன நடந்ததுன்னு பாருங்க. லிப்எஸ்எஸ்ஹெச்சை வெச்சு சர்வர் எழுதியிருந்தா, உள்ள வர்றவன் "என்னைச் சரிபாருங்க"ன்னு கேட்கிறதுக்குப் பதிலா "சரிபார்ப்பு வெற்றி"ன்னு ஒரு செய்தியைத் தானே அனுப்பினா போதும். சர்வர் "ஓ அப்படியா"ன்னு உள்ள விட்டுடும். பாஸ்வேர்டு வேணாம், சாவி வேணாம். அந்தச் செய்தி சர்வர் சொல்ல வேண்டியது. வர்றவன் வாயிலிருந்து வந்தா ஏத்துக்கக் கூடாதுன்னு யாரும் தடுத்து வைக்கலை. 2014-ல வந்த 0.6 பதிப்புல இருந்தே இந்த ஓட்டை. அக்டோபர்லதான் அடைச்சாங்க. அதே வருஷம் மார்ச்ல பாராமிக்கோவோட சர்வர் பகுதியிலயும் இதே ஜாதி ஓட்டை: சரிபார்ப்பு முடிஞ்சதான்னு பார்க்காமலே அடுத்த வேலைக்குப் போயிடும். (நாம தினமும் நுழையுற ஓபன்எஸ்எஸ்ஹெச் இந்த ரெண்டையும் பயன்படுத்துறதில்லை, பயப்படாதீங்க.)

எங்க சேரங்கோடு டேன்டீ லைன்கள்ல இருக்கிற பல குடும்பங்கள் 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவங்க. மண்டபம் முகாம்ல வந்து இறங்கினவங்க கையில குடும்ப அட்டை இருக்கணும், அதை எதிர்ப்பக்கம் இருக்கிற ஆபீசர் பார்த்துச் சொல்லணும். "நான் ஏற்கனவே பாஸ்"னு யாரும் தானே சொல்லிக்கிட்டு நடந்திருக்க முடியாது. பெருந்தலைகள் எழுதின சி நிரலுக்கு இந்தச் சின்ன விஷயம் நாலு வருஷம் உறைக்கலை.

இது சர்வர் பக்கம். நம்ம பக்கமும் யோக்கியம் இல்லை. முதல் தடவை ஒரு சர்வருக்குப் போனா கைரேகை மாதிரி ஒண்ணைக் காட்டி "இவர்தானா?"ன்னு கேட்கும். நாம "யெஸ்" அடிப்போம், அது குறிச்சு வெச்சுக்கும். அடுத்த தடவை ரேகை மாறியிருந்தா கத்தும். பாராமிக்கோ இன்னும் கறார். தெரியாத சர்வர்னா இயல்பாவே மறுத்துடும். அங்கதான் நம்ம ஆட்கள் இணையத்துல கிடைக்கிற 'ஆட்டோஆட்பாலிசி' வரியை எடுத்து ஒட்டுறாங்க. வர்ற எல்லாரையும் கேள்வி கேட்காம சேர்த்துக்கோன்னு அர்த்தம். பழைய ரேகைப் பட்டியலை ஏத்துற வரியும் இல்லைன்னா, ஒவ்வொரு ஓட்டத்துலயும் சர்வர் புதுமுகம்தான். நடுவுல ஒருத்தன் புகுந்து தானே சர்வர்னு சொன்னாலும் நிரல் சந்தோஷமா பாஸ்வேர்டைக் கொடுத்துடும். அதுவும் மறையாக்கம் செஞ்சு, பத்திரமா :-)

தீர்வு ரெண்டு வரிதாங்க. சர்வரோட ரேகையை அதை நிறுவினவர்கிட்டயே வாங்கி ஒரு கோப்புல போட்டு ஏத்துங்க, ஆட்டோஆட்பாலிசியைத் தூக்கிடுங்க. நான் பார்த்த பேக்கப் ஸ்கிரிப்டுகள்ல முக்கால்வாசியில அந்த வரி இருக்கு. உங்க ஆபீஸ்ல ஒரு தடவை தேடிப் பார்த்துட்டு பின்னூட்டத்துல எண்ணிக்கை சொல்லுங்க மக்களே. 2024-ல வந்த எக்ஸ்.இசட். பின்வாசல் கதை பெருசு, அதைத் தனிப் பதிவா போடுறேன்.