இருசும் வில்லும்: ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்சக்கரங்கள் மாறிய வரலாறு

சென்னைக்குத் தெற்கே, பெருங்களத்தூரை ஒட்டி, ஜி.எஸ்.டி. சாலையோரம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் கார் ஆலை இருந்தது. வாசலை விட்டுத் தெற்கே திரும்பினால் செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாக அந்தச் சாலை திருச்சியில் கொண்டுவந்து விடும். 1961 முதல் இந்தச் சாலையில் ஓடத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அன்று இந்தியர்கள் வாங்கக்கூடிய மூன்று கார்களில் ஒன்று. மற்ற இரண்டான அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பின்சக்கரங்கள் ஒரே இருசின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தன. ஹெரால்டில் மட்டும் இரண்டும் தனித்தனியே மேலும் கீழும் ஆடின. 1972இல் ஹெரால்டுக்கு வாரிசாக கேசல் வந்தபோது அந்தத் தனித்தனி ஆட்டம் கைவிடப்பட்டு, அதற்கும் ஒற்றை இருசே பொருத்தப்பட்டது.

பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பின்னடைவு என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். புதிய நுட்பத்தைப் புரிந்துகொள்ளாத மெக்கானிக்குகளுக்காக ஒரு நல்ல வடிவமைப்பு பலியிடப்பட்டது என்ற தொனியும் அதில் இருக்கும். ஹெரால்டின் பின்பக்கம் இங்கிலாந்தில் அடைந்த மாற்றங்களையும் சென்னையில் அடைந்த மாற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. இரண்டு நாடுகளிலும் அந்தக் காருக்கு வந்த நோய் ஒன்றல்ல. மருந்து வேறானதில் வியப்பில்லை.

சென்னையில் ஸ்டாண்டர்டு என்று விற்ற இந்தக் கார், டிரயம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளியானது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. பொறியியல் பொறுப்பு ஹாரி வெப்ஸ்டருடையது. உடலும் சேஸிஸும் ஒன்றாகச் செய்த கார்கள் பரவிவந்த காலம் அது. ஆனாலும் ஹெரால்டு பழையபடி தனிச் சேஸிஸ் மேல் எழுந்தது. அதைச் செய்த இங்கிலாந்து ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்பகுதி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஓரிடத்தில் அடித்துத் தர ஆள் இல்லாததால், துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டி ஆரம்பித்து, படிப்படியாக உள்ளூரிலேயே செய்யப் பழகவேண்டியிருந்த சென்னை ஆலைக்கு இது வாய்ப்பாகவே அமைந்தது.

அந்தச் சேஸிஸின் பின்பக்கத்தில்தான் நம் கதை. கிரவுன் பெட்டி சேஸிஸில் அசையாமல் கட்டப்பட்டிருக்கும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு அரை இருசு. உள்முனையில் மட்டும் ஒரு கிராஸ் மூட்டு, வெளிமுனையில் சக்கரம். பெட்டியின் தலைமேல் காரின் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் படுத்திருக்கும். அதன் இரு நுனிகளும் இரு சக்கரங்களைப் பிடித்திருக்கும். சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டே அதைத் தாங்கும் கையாகவும் வேலை செய்கிறது. இதைவிடக் குறைந்த செலவில் தனித்தனி சஸ்பென்ஷன் செய்ய முடியாது. எட்மண்ட் ரும்ப்ளர் 1903இல் காப்புரிமை பெற்ற இந்த ஊசல் இருசு, 1923இல் ஹான்ஸ் லெட்விங்காவின் டாட்ரா 11 காரிலும் பின்னர் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் இருந்தது. ஹெரால்டுக்கு அது புதுமை என்பதைவிடச் சிக்கனம் என்பதே பொருத்தம்.

சிக்கனத்தின் விலை வளைவில் தெரியும். வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் விழும் பக்கவாட்டு விசை, அரை இருசின் உள்மூட்டை மேலே தள்ளுகிறது. காரின் பின்பக்கம் எம்புகிறது. சக்கரம் உள்நோக்கி மடிந்து டயரின் ஓரத்தில் நிற்கிறது. பிடிப்பு போய் பின்பக்கம் வழுக்குகிறது. பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்னும் மோசம். எடை முன்னால் ஓடிப் பின்பக்கம் மேலும் லேசாகிவிடும். அமெரிக்காவில் செவர்லே கார்வேர் இதே ஏற்பாட்டோடு 1960இல் வந்து, 1965இல் ரால்ஃப் நாடர் எழுதிய புத்தகத்தால் கெட்ட பெயர் எடுத்தது ஊரறிந்த கதை.

ஹெரால்டின் 948 சிசி என்ஜினுக்கு இருந்தது சுமார் 35 குதிரைத்திறன். அந்தப் பலத்தில் சக்கரம் மடியும் வேகத்தை எட்டவே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஆனால் 1962இல் அதே ஏற்பாட்டைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்த உருவத்தில் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. என்ஜின் 1147 சிசி, 63 குதிரைத்திறன். 1966இல் அதே சேஸிஸில் இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர், 95 குதிரைத்திறன் கொண்ட ஜிடி6 வந்ததும் பின்பக்கத்தின் குறை மூடிமறைக்க முடியாததாயிற்று. காரைச் சோதித்து எழுதிய பத்திரிகையாளர்கள் கடுமையாகவே குறை சொன்னார்கள்.

டிரயம்ஃப் இரண்டு விடைகள் தேடியது. முதலாவது 1968இல்: ஜிடி6இன் இரண்டாம் பதிப்புக்கும் விட்டெஸ் என்ற இன்னொரு டிரயம்ஃப் காரின் இரண்டாம் பதிப்புக்கும் சக்கரத்தின் அடியில் தனிக் கை ஒன்று கொடுத்து, அரை இருசின் நடுவே ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற தடித்த ரப்பர் வளையத்தை வைத்தார்கள். சக்கரத்தைத் தாங்கும் பாரம் தண்டின் தலையிலிருந்து இறங்கியது. சரியான தீர்வு, செலவும் சரியாகவே கூடியது. அந்த ரப்பர் வளையங்கள் வெடித்துக் கிழிவதும் வழக்கமாயிற்று.

இரண்டாவது விடையில்தான் அழகு இருக்கிறது. 1970இன் கடைசியில் வந்த நான்காம் பதிப்பு ஸ்பிட்ஃபயரில் தண்டும் மூட்டும் அப்படியே இருந்தன. குறுக்கு ஸ்பிரிங்கைப் பெட்டியின் மேல் பிடிக்கும் முறை மட்டும் மாறியது. அதுவரை எல்லாப் பட்டைகளும் சேர்த்து இறுக்கப்பட்டிருந்தன. இப்போது ஒரே ஒரு பட்டை மட்டும் இறுக்கப்பட்டு, மற்றவை நடுவில் ஒரு முளையின் மேல் துலாக்கோல் போல ஆட விடப்பட்டன. இரு சக்கரமும் சேர்ந்து மேட்டில் ஏறினால் ஸ்பிரிங் முழுக்க வேலை செய்யும். கார் ஒரு பக்கம் சாய்ந்தாலோ பெரும்பாலான பட்டைகள் எதிர்க்காமல் கூடவே சாய்ந்துவிடும். சாய்வைத் தடுக்கும் வேலை முன்பக்கத் தடித்த ஆன்ட்டி ரோல் கம்பிக்குப் போனது. பின்சக்கரத்தைத் தூக்கி மடக்கிய விசை அடங்கியது. விலையுயர்ந்த ரோட்டோஃப்ளெக்ஸை விட்டுவிட்டு 1973இல் ஜிடி6உம் இந்த ஊஞ்சல் ஸ்பிரிங்குக்கே மாறியது என்றால் அதன் மதிப்பு விளங்கும்.

சென்னையில் இதை ஏன் செய்யவில்லை? தெரிந்திருந்தும் செய்யவில்லையா என்று கேட்பதைவிட, செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பார்க்கலாம். வளைவில் ஹெரால்டை வேகமாகத் திருப்பிப் பார்த்தவர்கள் தமிழகத்தில் முக்கியமாகச் சோழவரத்தில்தான் இருந்தார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பழைய போர்க்கால விமானத்தளத்தில் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடின. அவர்களுக்கு அந்த ஸ்பிரிங் வரமாக இருந்திருக்கும். ஆலையிலிருந்து திருச்சிக்கு வந்த கார்களின் பிழைப்பு வேறு மாதிரி.

சுமார் 800 கிலோ எடையுள்ள காரில் ஐந்தாறு பேர், மேலே கேரியரில் படுக்கையும் பெட்டியும் பாத்திரமும். ஸ்ரீரங்கத்து ஏகாதசிக்கோ சமயபுரத்துக்கோ குடும்பமே ஏறிக்கொள்ளும். பின்பக்கத்தில் பாரம் ஏறியதும் ஊசல் இருசு தாழ்ந்து, இரு சக்கரங்களும் மேல்பக்கம் உள்ளே, கீழ்பக்கம் வெளியே என்று கால் அகட்டி நிற்கும். விந்தை என்னவென்றால் வளைவுக்கு இதுதான் பாதுகாப்பான நிலை. பந்தயக்காரர்கள் ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைத்துக் காரைத் தாழ்த்தி வரவழைத்துக்கொள்ளும் சாய்வை நம் குடும்பஸ்தர் பாரம் ஏற்றியே அடைந்துவிட்டார். ஆனால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரியும். நாள்பட ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டால் வெறும் காரிலும் சக்கரம் நேராக நிற்காது. பள்ளம் விழுந்த சாலையில் ஒவ்வொரு குலுக்கலும் கிராஸ் மூட்டை உருட்டும்; தண்டு சக்கரத்தைத் தாங்கும் கையாகவும் இருப்பதால் மூட்டின் தேய்மானம் நேரே சக்கரத்தின் ஆட்டமாக வெளிவரும். இந்தத் தொல்லைகளில் ஒன்றையும் ஊஞ்சல் ஸ்பிரிங் தீர்க்காது. அது வேகத்துக்கு வந்த மருந்து. இங்கே வியாதி பாரம்.

பட்டறை இன்னொரு காரணம். மோட்டார் பரவுவதற்கு முன்பே திருச்சிச் சீமையில் வில் வண்டி ஓடியது. குறுக்கே ஒரு இரும்பு இருசு, இருபக்கமும் நீளவாக்கில் பட்டை வில்கள். அம்பாசிடரின் பின்பக்கமும் இதே குடும்பம்தான்; நடுவே கிரவுன் பெட்டி சேர்ந்தது மட்டுமே கூடுதல். 1928 முதல் பொன்மலையில் இயங்கிவரும் ரயில்வே பணிமனையும் லாரிகளும் வளர்த்த ஊரில், பட்டையைக் கரியில் காய்ச்சி வளைவு ஏற்றும் கைகளுக்குக் குறைவில்லை. ஒரு பட்டை முறிந்தால் லாரிப் பட்டையை வெட்டிப் போட்டாவது வண்டியை ஓட்டிவிடுவார்கள். ஹெரால்டில் அந்தக் கைவேலை செல்லாது. குறுக்கு ஸ்பிரிங்கைக் கழற்றவே உள்ளேயிருந்து மூடித் தகட்டை எடுக்க வேண்டும். வளைவு அரை அங்குலம் பிசகினால் இரு சக்கரங்களின் சாய்வும் மாறிவிடும். சக்கர ஹப்பைத் தண்டிலிருந்து பிரிக்கக் கனத்த புல்லர் தேவை. அது இல்லாத இடத்தில் சுத்தியல் இறங்கும். ஹப் விளிம்பு கோணும். ‘இந்தக் கார் சரிவராது’ என்ற தீர்ப்பும் அங்கேயே எழுதப்படும். மெக்கானிக்கின் அறியாமை என்று இதைச் சொல்வது நியாயமல்ல. கருவியையும் உதிரிப்பாகத்தையும் காரோடு சேர்த்து அனுப்புவது ஆலையின் வேலை.

ஹெரால்டுக்கு ஊரில் நல்ல பெயரும் இருந்தது. முன்சக்கரங்கள் அகலமாகத் திரும்பும் அதன் அமைப்பால் 25 அடி வட்டத்துக்குள் கார் சுற்றிவிடும். ஸ்ரீரங்கத்தில் தேரோடும் சித்திரை வீதியில் எந்தக் காரும் திரும்பலாம். அங்கிருந்து பிரியும் சந்துகளில் பின்னோக்கி எடுக்காமல் திரும்ப ஹெரால்டு வேண்டும்.

1972இல் கேசல் வந்தது. நான்கு கதவு, முன்முகத்திலும் பின்னழகிலும் மாற்றம், அதே 948 சிசி என்ஜின், புதிதாக ஒற்றை இருசு. 1977 வரை அது தயாரிப்பில் இருந்தது. இந்த மாற்றத்தை இந்தியப் பின்தங்கலின் சான்றாகக் காட்டுவோர், அதே ஆண்டுகளில் தாய் நிறுவனம் என்ன செய்தது என்று பார்ப்பதில்லை. 1965இல் வந்த டிரயம்ஃப் 1300இல் பின்சக்கரங்கள் தனித்தனி. 1970இல் அதன் மலிவுப் பதிப்பாக வந்த டொலேடோவில் ஒற்றை இருசு. ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே இழுபறி. டிஆர்4 ஒற்றை இருசு கொண்டது. 1965இன் டிஆர்4ஏவுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தபோது அமெரிக்க விற்பனையாளர்கள் விலை கூடுகிறதே என்று முறையிட, அவர்களுக்காகப் பழைய இருசோடும் விற்றார்கள். அடுத்த தலைமுறையான டிஆர்7, 1975இல் ஒற்றை இருசோடு திரும்பி வந்தது. பின்சக்கரங்களின் வரலாறு ஏணிப்படி போல மேலே மட்டும் போகவில்லை. விலை, பாரம், பழுது பார்ப்பவர் என்று ஒவ்வொன்றும் அதைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது.

திருச்சியில் நின்று பார்த்தால் இதே காலத்து இன்னொரு இருசு மாற்றமும் கண்ணில் படும். 1948க்குப் பின் ஓடாமல் நின்ற திருவாரூர் ஆழித்தேர் 1970இல் மீண்டும் வடம் பிடிக்கப்பட்டபோது, அதன் அடியில் இருந்தவை திருச்சி பெல் ஆலை செய்துகொடுத்த இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும். மேலே மரச் சிற்பமும் தேர்ச்சீலையும் பழையபடி. கீழே கொதிகலன் ஆலையின் கைவண்ணம். யாரும் அதைப் பின்னடைவு என்றோ தூய்மைக் குலைவு என்றோ சொன்னதாகக் கேள்வி இல்லை. திருவிழாவில் தேர் நிலைக்கு வந்து சேர வேண்டும் என்பதே அங்கே அளவுகோல். கேசலைச் செய்தவர்களின் அளவுகோலும் ஏறக்குறைய அதுதான் என்பது என் கணிப்பு.

இன்று பழைய ஹெரால்டைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறவர்களுக்கு இந்த வரலாறு நேரடியாகப் பயன்படும். கேசலின் இருசைக் கொண்டுவந்து மாட்டினால் ஹெரால்டு ஹெரால்டாக இருக்காது. அந்தக் காரை அந்தக் காராக்குவது அதன் பின்பக்கம்தான். இப்போது அதில் ஆறு பேர் ஏறப்போவதில்லை. பெரும்பாலும் ஓட்டுநர் ஒருவர், ஞாயிறு காலை, காலியான நான்குவழிச் சாலை. பாரம் போய் வேகம் வந்துவிட்டது. ஆகவே 1960களின் இந்தியாவுக்குப் பொருந்தாத பிரிட்டிஷ் மருந்து இன்றைய திருச்சிக்காரருக்குப் பொருந்துகிறது. செலவு குறைந்த வழி ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைத்துத் தாழ்த்துவது. முழுமையான வழி ஸ்பிட்ஃபயரின் ஊஞ்சல் ஸ்பிரிங். பின்னதைப் போட்டால் முன்பக்க ஆன்ட்டி ரோல் கம்பியையும் கூடவே தடித்ததாக மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் கார் இரு பக்கமும் படகாகச் சாயும். எதைச் செய்தாலும் முதலில் கிராஸ் மூட்டையும் ஹப் பேரிங்கையும் பார்த்துவிடுவது நல்லது. ஐம்பது ஆண்டு பாரம் சுமந்த அரை இருசில் புது ஸ்பிரிங்கை ஏற்றுவது வீண் செலவு.