மீட்டர் என்னும் சாட்சி: ஒட்டன்சத்திரத்துக் கிணறுகளும் மின்சிக்கனத்தின் வரலாறும்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் முருங்கைக்கும் தக்காளிக்கும் விலை சொல்கிறவர்கள் விதைக்கு, உரத்துக்கு, கூலிக்கு, கேரளத்துக்குப் போகும் லாரி வாடகைக்கு எல்லாம் கணக்கு வைத்திருக்கிறார்கள். காய்க்குள் ஏறியிருக்கும் கரண்டுக்கு மட்டும் கணக்கு கிடையாது. "அது ஃப்ரீதானே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தக் கணக்கின்மையை விவசாயியின் அலட்சியம் என்று நகரத்துப் பொருளாதாரவாதிகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் அதை ஒரு வரலாற்று உற்பத்தியாகப் பார்க்கிறேன். துப்பாக்கிச் சூடுகளும், சட்டங்களும், வாரியத்தின் சௌகரியமும் சேர்ந்து செய்த உற்பத்தி அது.

1957இல் மின்வாரியம் உருவானபோது அரசின் முனைப்பு கரண்டை விற்பதில் இருந்தது. கவலை ஓட்டிய மாடுகளின் இடத்தில் பம்புசெட் வந்தது. தலைமைப் பொறியாளராயிருந்த வி. பி. அப்பாதுரையின் காலத்தில் கம்பிகள் கிணறுகளைத் தேடி ஓடின. மோட்டார் செய்ய கோயமுத்தூர் இருந்தது. பாறைப் பூமியில் கிணறு வெட்டக் கடன் கிடைத்தது. எவ்வளவு கரண்டில் எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வியை அன்று யாரும் எழுப்பவில்லை. பசுமைப் புரட்சிக்குத் தேவைப்பட்டது எண்ணிக்கைதான்: இத்தனை கிராமம், இத்தனை சர்வீஸ்.

பிறகு பைசா வந்தது. 1970இல் யூனிட்டுக்கு 8 பைசாவை 10 ஆக்கினார்கள். சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கிளம்பினார்கள். அந்த ஜூன் 19இல் பெருமாநல்லூரில் மூவர் சுடப்பட்டு இறந்தார்கள். கட்டணம் ஒரு பைசா குறைந்தது. 1972இல் மறுபடி உயர்வு, மறுபடி போராட்டம். கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகள் அடைத்தன. அவ்வாண்டு ஜூலை 5ஐத்தான் உழவர் தினமாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1978இல் துப்பாக்கி நம் பக்கத்துக்கே வந்தது. ஒட்டன்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கும் வேடசந்தூரில் விவசாயிகள் மீது சூடு நடந்தது. (திண்டுக்கல் அப்போது தனி மாவட்டமில்லை, மதுரைக்குள் இருந்தது.)

அதே 1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மின்சார, எரிவாயு நிறுவனங்கள் வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போய், எங்கே ஆற்றல் வீணாகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றது அது. எண்ணெய் நெருக்கடியிலிருந்து வந்த யோசனை. புதிதாக ஒரு மின்நிலையம் கட்டுவதைவிட, இருக்கும் கரண்டை வீணாக்காமலிருப்பது மலிவு. எனவே நிறுவனம் திட்டமிடும்போது இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். ஆனால் அதிகம் விற்றால்தானே நிறுவனத்துக்கு லாபம்? அந்த முடிச்சையும் கலிபோர்னியா அவிழ்த்தது. 1978இல் எரிவாயுவுக்கும் 1982இல் மின்சாரத்துக்கும், வருமானத்தை விற்பனை அளவிலிருந்து பிரித்து வைத்தது ஒழுங்குமுறை ஆணையம். அங்கே மீட்டர் சேமிப்பின் சாட்சியாக உட்கார்ந்தது. இங்கே அதே ஆண்டில் மீட்டர் என்றால் பாக்கி, ஜப்தி, ஃப்யூஸைப் பிடுங்கிப்போகும் ஆள், அதற்குப் பின்னால் போலீஸ். ஒரே கருவிக்கு இரண்டு அர்த்தங்கள். இதை மறந்துவிட்டு விவசாயியிடம் சிக்கனம் பேசுகிறவர்கள் எதையும் பேசாமலிருப்பதே மேல்.

1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. மற்றவர்களுக்குக் குதிரைத்திறன் கணக்கில் ஒரு நிலைக்கட்டணம். 1990இல் கருணாநிதி அரசு எல்லோருக்கும் இலவசமாக்கியது. ஒரு போராட்டத்தின் வெற்றி இது, சந்தேகமில்லை. கூடவே மோட்டார் ரூமிலிருந்து மீட்டரும் போனது. அரசின் பார்வையிலிருந்து விவசாயி தப்பித்துக்கொண்டதாக இதைப் படிக்கலாம். ஃபூக்கோ படித்த நண்பர்கள் அப்படிப் படிக்கவும் செய்வார்கள். ஆனால் அளவிடப்படாத அந்த இருட்டு யாருக்குப் பயன்பட்டது?

மீட்டரில்லாத இடத்தில் எவ்வளவு செலவானது என்பதை வாரியமே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். கம்பியில் கசிந்தது, திருடப்பட்டது, கணக்கில் தவறியது எல்லாவற்றையும் 'விவசாயம்' என்ற ஒரே மூட்டைக்குள் திணிக்க முடியும். மராட்டியத்தில் இது அம்பலமானது. புனேயின் பிரயாஸ் குழுவைச் சேர்ந்த கிரிஷ் சந்த், சாந்தனு தீட்சித் போன்றவர்கள் தொண்ணூறுகளில் வாரியத்தின் கணக்கைக் கிளறினார்கள். பம்புசெட் தலையில் கட்டப்பட்டதில் பெரும்பங்கு மின்இழப்பு என்று ஆணையத்தின் முன் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இழப்புக்கெல்லாம் விவசாயிதான் காரணம் என்ற சொல்லாடல் இந்த இருட்டில்தான் முளைத்தது.

இனி கிணற்றுக்குள் போவோம். ஒரு யூனிட் கரண்டு, சேதாரமே இல்லாவிட்டால், ஆயிரம் லிட்டர் தண்ணீரை 367 மீட்டர் உயரம் தூக்கும். இது பௌதிகம்; இதில் அரசியல் கிடையாது. 22 மீட்டர் தூக்க வேண்டிய கிணறென்றால் யூனிட்டுக்கு 16,000 லிட்டருக்கு மேல் வர வேண்டும். கிணற்றடியில் அளந்து பார்த்த ஆய்வுகளில் பம்புசெட்டுகளின் மொத்தத் திறன் பெரும்பாலும் நூற்றுக்கு 20 முதல் 35க்குள்தான் நிற்கிறது. முப்பது என்றே வைத்துக்கொண்டாலும் நமக்குக் கிடைப்பது 5,000 லிட்டர். மிச்சம் எங்கே போகிறது? மோட்டார் சூட்டில், குறுகலான பைப்பில், அடைத்துக்கொண்ட ஃபுட்வால்வில். குஜராத்தில் எஸ். எம். பட்டேல் மோட்டாரைத் தொடாமல் ஃபுட்வால்வையும் பைப்பையும் மட்டும் மாற்றியே கணிசமாக மிச்சம் பிடிக்கலாம் என்று காட்டி எத்தனையோ வருஷமாகிறது.

'அறியாமை' என்று இதைச் சொல்வார்கள். லோ வோல்டேஜில் காயில் கருகிப்போன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனவனுக்குத் தெரியும் கதை. கரண்டு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத பூமியில் திறன்மிக்க மோட்டாரைவிட, எதையும் தாங்கும் மோட்டார்தான் புத்திசாலித்தனம். அதனால் கொஞ்சம் பெரிய எச்.பி.யாக வாங்குகிறான், எரிந்தால் மறுபடி காயில் கட்டுகிறான், ஒவ்வொரு கட்டுக்கும் திறன் கொஞ்சம் குறைகிறது. பகலில் ஆறு மணி நேரம், ராத்திரி மூன்று மணி நேரம் என்று மும்முனைக் கரண்டு முறைவைத்து வந்த வருஷங்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுப் படுத்தார்கள். வரப்பு உடைந்து ஓடினாலும் மோட்டார் ஓடும். வீணானதில் பாதிக்கு மேல் வாரியத்தின் கம்பியிலேயே தொடங்குகிறது என்பேன்.

ஒழுங்குமுறை எப்போது வந்தது? தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999இல் அமைந்தது. 2001இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம். மீட்டரில்லாமல் கரண்டு கொடுக்கக் கூடாது என்றது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். அந்த 2003இலேயே இங்கு இலவசம் நிறுத்தப்பட்டு நிலைக்கட்டணம் திரும்பியது. 2004 தேர்தல் முடிவைப் பார்த்ததும் இலவசமும் திரும்பியது. மீட்டருக்கான கெடு தள்ளிக்கொண்டே போனது. 2013இல் ஆணையம் 'தேவைப்பக்க மேலாண்மை' விதிமுறைகளை வெளியிட்டது. பகிர்மான நிறுவனம் தனிப்பிரிவு வைக்க வேண்டும், மின்பளுவை ஆராய வேண்டும், சிக்கனத் திட்டம் தீட்டி ஆணையத்திடம் கொடுக்க வேண்டும், மிச்சமானதை அளந்து காட்ட வேண்டும். கலிபோர்னியா 35 வருஷம் கழித்து நம் ஊர் வந்து சேர்ந்தது, தாளில்.

வேடிக்கை என்னவென்றால், நம் நிறுவனத்துக்கு அமெரிக்க முடிச்சு கிடையாது. விவசாயிக்கு விற்கிற ஒவ்வொரு யூனிட்டும் நஷ்டம் என்று சொல்கிற நிறுவனம், பம்புசெட்டைத் திருத்த முதலாளாக ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீட்டரில்லாத சர்வீஸுக்கு அரசு மானியம் குதிரைத்திறனை வைத்து வருகிறது. ஓடிய யூனிட்டை வைத்து வருவதில்லை. 23 லட்சத்துக்கும் அதிகமான விவசாய சர்வீஸ்களில் உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்தால் மூட்டை அவிழும். இழப்பு இழப்பாகவே வெளியே தெரியும். அளக்கப் பயப்படுகிறவர் விவசாயி மட்டுமல்ல.

இன்னொரு கேள்வியையும் நம் சங்கங்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். மிச்சமாகும் கரண்டு வாரியத்துக்கு, விவசாயிக்கு என்ன? நல்ல பம்பு வந்தால் அதே நேரத்தில் அதிகத் தண்ணீர் வரும். ஆழமாகப் போர் போட முடிந்தவன் தோட்டம் விரியும், பக்கத்துச் சின்னக் கிணறு சீக்கிரம் வற்றும். கிணறே இல்லாத கூலிக்காரருக்கும், நிலமே இல்லாத சேரிக்கும் இந்த இலவசத்தில் பங்கு எது? நாயுடுவின் இயக்கம் கேட்காமல் விட்ட கேள்வி இது. சிக்கனத் திட்டம் தீட்டுகிற அதிகாரியும் இதைக் கேட்கப் போவதில்லை.

2020இல் மத்திய அரசு கொண்டுவந்த மின்சாரச் சட்டத் திருத்த வரைவு, மானியத்தை நேராக விவசாயியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம் என்றது. அதாவது முதலில் பில் கட்டு, காசு பிறகு வரும். தமிழ்நாடு எதிர்த்தது; தில்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகளின் கோரிக்கைகளிலும் அது இடம்பெற்றது. "மீட்டர் வெச்சா இன்னிக்கில்லேன்னாலும் நாளைக்கு பில்லு வரும்" என்று நம்மூர்த் தோட்டங்களில் சொல்வது வெறும் பிரமை அல்ல.

அதற்காக அளவையே மறுத்துவிட வேண்டுமா? குஜராத் 2003க்குப் பின் விவசாயத்துக்கான மின்பாதைகளைத் தனியாகப் பிரித்தது. கணக்கு பாதையின் தலையில் எடுக்கப்படுகிறது. அதுபோல மீட்டரை மோட்டார் ரூமில் வைக்காமல் டிரான்ஸ்ஃபார்மரில் வைக்கலாம். ஒரு ஊருக்கு எவ்வளவு வந்தது, எத்தனை எச்.பி. ஓடியது, வோல்டேஜ் எங்கே விழுந்தது என்பது தெரியும்; எந்தத் தனி மனிதனுக்கும் அதிலிருந்து பில் போட முடியாது. அந்த எண்களை மாதா மாதம் கள்ளிமந்தையத்திலும் அம்பிளிக்கையிலும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதிப் போடச் சொல்லி ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கேட்கலாம். அந்தக் கூட்டங்கள் பொதுமக்களுக்கானவை. முன்வரிசையில் உட்காருகிறவர்கள் மில் முதலாளிகளின் சங்கத்தார். கையில் யூனிட் கணக்கோடு வருகிறார்கள். நம் ஆட்கள் வருவது மனுவோடு.