மடுல்சீமையும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும்



பற்றீரியா, பங்கசு என்று நம் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள். அந்தப் பாடத்தின் வரலாற்றில் நம் மடுல்சீமைக்கும் ஓர் இடம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இன்று தேயிலை நிற்கும் நம் மலைகளில் அன்று கோப்பி நின்றது. 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு பங்கசு என்று கண்ட பேர்க்லி, அதே ஆண்டில் அதற்கு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். 1880இல் இலங்கை வந்த மார்ஷல் வார்ட், அதன் வித்திகள் காற்றில் பரவி இலைவாய் வழியே நுழைவதை விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது, தொழிலாளர் பலர் கூலி இழந்தனர்.

கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் அதிக ஆள் வேண்டும். தேயிலைக்கோ வருடம் முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். வந்து வந்து போன மக்கள் லயங்களில் குடும்பமாக நிலைத்தது தேயிலையோடுதான். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் நம் ஊரின் வாழ்க்கையையே மாற்றியது.

பங்கசு வேறு, பற்றீரியா வேறு. பற்றீரியா ஒரே கலத்தால் ஆனது. அந்தக் கலத்தில் ஒழுங்கான கருவும் இல்லை. 1882இல் காசநோய்க்குக் காரணம் ஒரு பற்றீரியா என்று றொபேர்ட் கொக் காட்டினார். பற்றீரியா என்றால் நோய் என்ற பயம் நம் மனதிலும் பதிந்துவிட்டது. ஆனால் 1888இல் பெயரிங்க் என்ற ஒல்லாந்து அறிஞர் அவரையினத் தாவரங்களின் வேர்முடிச்சிலிருந்து வேறொரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கித் தருவது அதுதான்.

தேயிலைக்கு நிழலாக நட்ட முள்முருங்கையின் வேரிலும் அந்த முடிச்சுகள் உண்டு. கொழுந்து பறிக்கும்போதெல்லாம் மண்ணின் நைதரசனும் கூடையில் போகிறது. வெட்டிய முருங்கைக் கிளையைச் செடியடியில் போட்டால், மண்ணிலுள்ள பற்றீரியாவும் பங்கசும் அதை உக்கவைத்து நைதரசனை மண்ணுக்கே திருப்பித் தருகின்றன. அதே கிளைக்குத் தீ வைத்தால் நைதரசனில் பெரும்பங்கு புகையோடு போய்விடும்.

ஆகவே உறவுகளே, தோட்டத்திலும் வீட்டு வளவிலும் சருகைக் கொளுத்தும் பழக்கத்தை விடுவோம். ஒரு முள்முருங்கைக் கன்றின் வேரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். நம் மலை இன்னும் பச்சையாக நிற்பதில் அந்தச் சிறு முடிச்சுகளுக்கும் பங்குண்டு.