அன்று காலை எங்கே நின்றீர்கள்?

போன மாதம் அம்மாவுக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, "இந்தக் கதிர் ஒடம்புக்குள்ள போனா பின்னாடி ஏதாவது வருமா?" என்று கேட்டார். "பத்து மில்லிசீவர்ட் போல வரும்மா, ரொம்பச் சின்ன ரிஸ்க்தான்" என்றார் டாக்டர். அம்மா சமாதானமாகிவிட்டார். எனக்குத்தான் ஆகவில்லை. சின்ன ரிஸ்க் சரி, அதை அளந்தது யார்? யாரை வைத்து அளந்தார்கள்?

இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது இது. உலகத்தில் கதிர்வீச்சுக்குப் போட்டிருக்கும் வரம்புகளில் பெரும்பகுதி, 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் பிழைத்தவர்களின் உடம்பிலிருந்து வந்த கணக்கு.

ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு ஹிரோஷிமாவுக்கு மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் யுரேனியம் குண்டு வெடித்தது. மூன்று நாள் கழித்து 11:02-க்கு நாகசாகியில் புளூட்டோனியம் குண்டு. அந்த வருடக் கடைசிக்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர், நாகசாகியில் 70,000-க்கு மேல் இறந்தார்கள். நெருப்பிலும் இடிபாட்டிலும் தப்பித்தவர்களுக்குக்கூட இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டியது, ஈறில் ரத்தம் கசிந்தது, தோலில் ஊதாப் புள்ளிகள் வந்தன. எலும்பு மஜ்ஜை வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

அதையும் தாண்டிப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்? இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா 1947-ல் ஏ.பி.சி.சி. என்ற ஆய்வு அமைப்பை ஆரம்பித்தது. 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிழைத்தவர்களின் விவரம் கிடைத்ததும், அதிலிருந்து பெரிய பட்டியல் தயாரானது. குண்டு வெடித்தபோது ஊரில் இருந்தவர்கள் சுமார் 94,000, ஒப்பிட்டுப் பார்க்க அப்போது ஊரில் இல்லாதவர்கள் சுமார் 27,000. இன்றுவரை இவர்களைத் தொடர்கிறார்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். பட்டியல் தொடங்குவதே ஐந்து வருடம் கழித்துத்தான். அதற்குள் செத்தவர்கள் யாரும் அதில் கிடையாது.

நம்ம பாஷையில் சொன்னால் இதற்கு இரண்டு காலம் உள்ள டேபிள் வேண்டும். ஒன்று, அந்த ஆளுக்கு என்ன ஆச்சு. ஜப்பானில் 'கொசேகி' என்ற குடும்பப் பதிவேடு இருப்பதால், நாட்டில் எங்கே இறந்தாலும் தெரிந்துவிடும். இன்னொன்று, அவர் வாங்கிய கதிர்வீச்சு எவ்வளவு. இதுதான் சிக்கல். அன்று யார் சட்டையிலும் அளவுமானி மாட்டியிருக்கவில்லை.

அதனால் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார்கள். அன்று காலை எங்கே நின்றீர்கள்? வீட்டுக்குள்ளேயா, வெளியேயா? எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு? உங்களுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் எத்தனை சுவர்? சொன்னதை வைத்து வீட்டின் வரைபடம் போட்டார்கள்.

இந்த விவரம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஹிரோஷிமாவில் 1 கி.மீ. தூரத்தில் திறந்தவெளியில் நின்றவருக்குக் கிடைத்தது சுமார் 4.5 கிரே. பாதிப் பேருக்கு மேல் சாகடிக்கும் அளவு. 2 கி.மீ.யில் அது சுமார் 0.08 கிரே. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் ஐம்பதில் ஒரு பங்குக்குக் குறைகிறது. சுவரும் அப்படித்தான். எய்ஸோ நொமுரா என்பவர் வெடிப்புக்கு நேர் கீழான இடத்திலிருந்து வெறும் 170 மீட்டரில் இருந்தார். ஆனால் ஏதோ காகிதம் எடுக்க, கான்கிரீட் கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கியிருந்தார். 1982 வரை உயிரோடு இருந்தார்.

சுவர் எவ்வளவு தடுக்கும் என்று பார்க்க 1962-ல் நெவாடா பாலைவனத்தில் 465 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று கட்டினார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை விட உயரம். அதன் மேல் மூடாத அணு உலையை ஏற்றி, கீழே ஜப்பானிய பாணி வீடுகள் கட்டி, உள்ளே எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள். அந்தக் கணக்கிலும் பிழை இருந்தது. பாலைவனக் காற்று வறண்டது, ஹிரோஷிமாவின் ஆகஸ்ட் காற்று ஈரம். ஈரக் காற்று நியூட்ரானைத் தின்றுவிடும். ஹிரோஷிமா குண்டின் தடித்த இரும்புக் கூடும் நியூட்ரானைக் குறைத்திருந்தது. பழைய கட்டடங்களின் ஓட்டையும் செங்கல்லையும் எடுத்து, அவற்றுக்குள் தங்கியிருந்த கதிர்வீச்சுத் தடயத்தை அளந்து சரிபார்த்தார்கள். 1986-ல் ஒரு திருத்தம், 2002-ல் இன்னொன்று. நாற்பது வருஷம் ஓடிய டீபக்கிங்.

கிடைத்த விடை என்ன? ரத்தப் புற்றுநோய் இரண்டு மூன்று வருடத்திலேயே தலைகாட்டி, ஆறு முதல் எட்டு வருடத்தில் உச்சம் தொட்டது. மற்ற புற்றுநோய்கள் பத்து வருடம் கழித்து ஏற ஆரம்பித்தன, பிழைத்தவர்களின் ஆயுள் முழுக்க விடவில்லை. 1958 முதல் 1998 வரை, 5 மில்லிகிரேக்கு மேல் வாங்கிய 44,635 பேரில் 7,851 பேருக்குப் புற்றுநோய். அதில் கதிர்வீச்சால் கூடுதலாக வந்தவை சுமார் 850. முப்பது வயதில் ஒரு கிரே வாங்கியவருக்கு எழுபது வயதில் புற்றுநோய் வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அம்மாவின் ஸ்கேன் இதில் நூறில் ஒரு பங்கு. அந்தக் கோட்டைக் கீழே நீட்டித்தான் டாக்டர் 'சின்ன ரிஸ்க்' என்றார்.

கருவில் இருந்த குழந்தைகள் கதை வேறு. 8 முதல் 15 வாரத்தில் இருந்த கருக்களுக்குத்தான் மூளை வளர்ச்சி அதிகம் பாதிக்கப்பட்டது. ஆனால் பிழைத்தவர்களுக்குப் பிறகு பிறந்த குழந்தைகள்? கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் ரேஷன் தரப் பதிவு நடந்ததால், அதை வைத்தே 1948 முதல் 1954 வரை 70,000-க்கு மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தார்கள். பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. ஊர் நம்பவில்லை. 'ஹிபாகுஷா' குடும்பம் என்றாலே பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்கினார்கள். பலர் வாழ்நாள் முழுக்க மறைத்தே வாழ்ந்தார்கள்.

ரிப்போர்ட் வந்தது, அம்மாவுக்குப் பித்தப்பையில் கல்தான். வீட்டுக்கு வரும் வழியில் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு கேட்டாங்களே, அந்த ஜனங்களுக்கு வைத்தியம் பண்ணினாங்களா?"

பண்ணவில்லை. பரிசோதிப்பதுதான் ஏ.பி.சி.சி.யின் வேலை, சிகிச்சை கிடையாது. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், இறந்தால் உடலைக் கேட்டார்கள். எங்களைச் சோதனை எலியாக்கினார்கள் என்ற கோபம் அந்த ஊர்களில் பல தலைமுறை நின்றது. 1975-ல் அது இரு நாடுகளின் கூட்டு நிறுவனமாக மாறியது. 2017-ல், எழுபதாவது ஆண்டில், அதன் தலைவர் இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

டேபிளுக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. வெடிப்புக்குப் பின் பெய்த கறுப்பு மழையில் நனைந்தவர்கள் உட்கொண்ட கதிர்வீச்சை இந்தக் கணக்கு சேர்ப்பதில்லை, அது நேரடிக் கதிரை மட்டுமே எண்ணும். அப்படி விடுபட்ட 84 பேரை ஹிபாகுஷாவாக ஏற்கச் சொல்லி ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 ஜூலையில். குண்டு விழுந்து 76 வருடம் கழித்து.

அம்மாவிடம் "இல்லம்மா" என்று மட்டும்தான் சொன்னேன். "அப்ப நாமதான் அவங்களுக்குக் கடன்பட்டிருக்கோம்" என்றார். ஸ்கேன் படிவத்தில் இதை யாரும் எழுதுவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.